குதிரைப் பாய்ச்சலும் கரந்துறை செய்யுளும்: மைசூர்ப் புதிராட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கணினியில் ஆடப்பெறும் புதிராட்டங்களின் இசைக்குள் ஊக்கமூட்டும் நல்லுரைகளை மறைத்துவைப்பது இக்காலத்தின் புதுமை என்று கருதப்படுகின்றது. ஆடுவோர் கட்டங்களை நகர்த்துவதிலேயே கண்ணாக இருப்பர். செவிக்குப் புலனாகாத தாழ்ந்த ஒலியில் நல்ல சொற்கள் அவர்தம் மனத்துள் சென்று தங்கும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. இசைத்தட்டுகளில் பாடலைப் பின்னோக்கி ஒலிக்கச் செய்து சொற்களைப் புதைக்கும் வழக்கம் இதற்கு முற்பட்டது. பீட்டில்ஸ் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஒரு பாடலில் குரல் தலைகீழாகப் பதிவாகியுள்ளமை பலரும் அறிந்தது.

புதிர், ஆட்டம், இசை, மறைந்த நல்லுரை என்னும் நான்கும் ஒன்றுசேரும் மரபு தென்னாட்டுக்குப் புதியதன்று. தமிழ்நாட்டிற்கும் கன்னட நாட்டிற்கும் இடையே, குறிப்பாக மைசூரைச் சுற்றிய நிலப்பகுதியில், அம்மரபின் தடங்கள் தெளிவாக உள்ளன. மைசூர் ஹெப்பாள் பகுதியில் இன்று பெரிய கணினிப் பயிற்சி வளாகம் இயங்குகின்றது. நிரல் எழுதக் கற்போருக்கு உலகெங்கும் தரப்படும் பழகிய கணக்குகளுள் ஒன்று சதுரங்கக் குதிரையின் முழுச்சுற்று. குதிரை எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதியாமல் பலகை முழுவதையும் சுற்றிவர வேண்டும் என்பதே அக்கணக்கு. ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரண்மனையில் இதே கணக்கில் பல்லாண்டு தோய்ந்திருந்த மன்னர் ஒருவர் வாழ்ந்தார். அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவர் ஒருவர் அக்குதிரையின் பாய்ச்சலுக்குள் ஒரு செய்யுளை மறைத்துவைத்தார். மறைத்தல் என்பது இம்மரபில் எதற்காக நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

அரைப்பலகையில் 32 எழுத்துகள்

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268இல் தோன்றியவராகக் கொள்ளப்படும் வேதாந்த தேசிகர் தமிழ், வடமொழி, மணிப்பிரவாளம் ஆகியவற்றில் நூல்கள் இயற்றியவர். 1323இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபின் அவர் காவிரிக்கரையில் கொள்ளேகாலத்தை அடுத்த சத்தியகாலத்தில் தங்கியிருந்தார் என்பது வைணவ மரபு. மேல்கோட்டையோடும் அவரை அம்மரபு இணைக்கின்றது. இரண்டு ஊர்களும் மைசூரைச் சூழ்ந்த வட்டாரத்திலேயே உள்ளன.

திருவரங்கநாதரின் திருவடிநிலையைப் போற்றி அவர் பாடிய பாதுகாசகசிரம் 1008 செய்யுட்கள் கொண்டது. திருவரங்கத்தில் ஓர் இரவுப்பொழுதில் பாடப்பெற்றதாக மரபு கூறும் இந்நூல் 32 பத்ததிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று சித்திர பத்ததி. அதில் 929, 930 ஆகிய எண்களையுடைய செய்யுட்களே இங்குக் கருதத்தக்கவை.

இவை அனுட்டுப்பு யாப்பில் அமைந்தவை. அவ்யாப்பில் அடிக்கு 8 எழுத்தாக 4 அடிகளில் 32 எழுத்துகள் வரும். சதுரங்கப் பலகையின் கட்டங்கள் 64; அதிற் பாதி 32. எனவே ஒரு செய்யுளை அடிக்கு ஒரு வரிசையாக எழுதினால் அரைப்பலகை சரியாக நிறைந்துவிடும். 929ஆம் செய்யுளை இவ்வாறு எழுதி, முதல் வரிசையின் முதற் கட்டத்தில் குதிரையை நிறுத்த வேண்டும். அது அடுத்து இரண்டாம் வரிசையின் மூன்றாம் கட்டத்திற்கும், அங்கிருந்து முதல் வரிசையின் ஐந்தாம் கட்டத்திற்கும், பின் இரண்டாம் வரிசையின் ஏழாம் கட்டத்திற்கும், பின்னர் நான்காம் வரிசையின் எட்டாம் கட்டத்திற்கும் பாயும். இவ்வாறு 31 பாய்ச்சல்களில் 32 கட்டங்களையும் ஒவ்வொரு முறை தொட்டு, நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் அது நின்றுவிடும். அதன் காலடி பட்ட வரிசையில் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 930ஆம் செய்யுள் கிடைக்கும். ஒரெழுத்தும் மிகாது, ஒரெழுத்தும் குறையாது.

குதிரை புறப்பட்ட கட்டத்திற்கு ஒரே பாய்ச்சலில் ஏன் மீளவில்லை என்று வினவலாம். நான்கு வரிசைகள் மட்டுமுள்ள பலகையில், அதன் நீளம் எதுவாயினும், தொடங்கிய இடத்திற்கே திரும்பிவரும் முழுச்சுற்று இயலாது என்பது பிற்காலக் கணிதத்தால் நிறுவப்பட்ட முடிபு. புலவர் இயன்றதன் எல்லைவரை சென்றிருக்கிறார்.

இவ்வகை தேசிகரின் கண்டுபிடிப்பன்று. 9ஆம் நூற்றாண்டில் காச்மீரத்தில் வாழ்ந்த உருத்திரடர் தம் காவியாலங்காரத்தில் துரகபதபந்தத்திற்கு எடுத்துக்காட்டுத் தந்துள்ளார். குதிரைச் சுற்று உலகில் முதன்முதலாகப் பதிவான இடங்களுள் அதுவும் ஒன்று. ஆய்லர் 1759இல் இதனைக் கணிதச் சிக்கலாக எடுத்துக்கொண்டதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முந்தையது அது. ஆயினும் உருத்திரடரின் செய்யுளுக்கும் தேசிகரின் செய்யுளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் நேரே படித்தாலும் குதிரை வழியே படித்தாலும் அதே செய்யுள்தான் வரும். அதற்காக அவர் மிகச் சில எழுத்துகளையே திரும்பத் திரும்ப அடுக்க நேர்ந்தது. பொருள் பெரிதும் நலிந்தது. தேசிகரிடமோ குதிரை வழியில் வேறொரு செய்யுள் பிறக்கின்றது. முதற்செய்யுள், நீங்காத குற்றமுடையாராலும் எப்போதும் வழிபடத்தக்க திருவடிநிலையை விளித்து, தன்னை அரங்கனின் அடியிற் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றது. சேர்ப்பிக்க வேண்டும் என்னும் சொல்லோடு முடியும் செய்யுளை அடுத்து, அடியடியாக நடந்து சென்றே அறியத்தக்க செய்யுள் வைக்கப்பட்டுள்ளது. திருவடியைப் பாடும் நூலில் காலடிகளைப் பின்பற்றிச் செல்லும் புதிர் இடம்பெறுவதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. முதற்செய்யுளின் 32 எழுத்துகளுள் 'ரா' மட்டும் 4 இடங்களில் வருகின்றது. 'தா' 3 இடங்களில் வருகின்றது. ஒரே எழுத்து பல கட்டங்களில் நிற்பதால் புலவருக்குச் சொல்லமைப்பில் ஓரளவு இடம் கிடைக்கின்றது. இத்தகைய செய்யுளை இயற்றியோர் அருள்வாக்கை மட்டும் நம்பியிருக்கவில்லை. எழுத்துகளின் வருகையை எண்ணிக் கணக்கிட்டும் இருக்கிறார்கள்.

தமிழ் அணிநூல்களும் ஒற்றெழுத்துச் சிக்கலும்

தண்டியலங்காரம் சொல்லணியியலில் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதை கரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் எனச் சித்திரகவி வகைகளைத் தொகுத்துரைக்கின்றது. இவற்றுள் காதை கரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்துவைக்கும் வகைகள். ஈற்றிலிருந்து ஓரெழுத்து இடையிட்டுப் பின்னோக்கிப் படித்தல், உள்ள எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குதல் என மறைந்ததை வெளிக்கொணரும் வழிகளும் வகுக்கப்பட்டுள்ளன. இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றிச் செய்தியைத் தேடிய மேலைநாட்டு இளைஞர் செய்ததும் ஒருவகையில் காதை கரப்பைப் படிக்கும் வேலைதான்.

ஆனால் இப்பட்டியலில் துரகபதபந்தம் இல்லை. உருத்திரடருக்குப் பின்னெழுந்த நூலில் அது இடம்பெறாமை ஏன் என்பது கேட்கத்தக்க வினா. எழுத்தமைப்பே காரணமாகலாம். வடமொழியில் மெய்யெழுத்துத் தனித்து நில்லாமல் அடுத்த உயிர்மெய்யோடு கூட்டெழுத்தாக ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். தேசிகரின் முதற்செய்யுளில் 'த்பா' என்பதும் 'ந்ந' என்பதும் ஒவ்வொரு கட்டத்தையே கொள்கின்றன. தமிழில் ஒற்று தனியெழுத்து. அதற்குத் தனிக்கட்டம் கொடுத்தால், குதிரை வழியில் அது சொல்லின் முதலில் வந்து நின்றுவிடக்கூடும். தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல் மரபு அதற்கு இடந்தராது. கட்டம் கொடாமல் முன்னெழுத்தோடு சேர்த்தாலோ, அவ்வெழுத்து எங்குச் சென்றாலும் அவ்வொற்றைச் சுமந்தே செல்ல வேண்டும். திருஞானசம்பந்தர் மாலைமாற்றுப் பதிகத்தில் ஒற்றுகளைப் பெரும்பாலும் விலக்கி நெட்டுயிர்மெய்களையே மிகுதியாக ஆண்டுள்ளமை இச்சிக்கலை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும். திருவெழுகூற்றிருக்கையில் இச்சிக்கல் இல்லை. அங்கு எழுத்துக்கு மாறாக எண்ணுப்பெயர்களே 1 முதல் 7 வரை ஏறியும் இறங்கியும் கட்டங்களை நிரப்புகின்றன. தமிழ் தன் இயல்புக்கேற்ற கட்டவிளையாட்டைத் தானே தேர்ந்துகொண்டது எனலாம். தேசிகரும் தம் தமிழ்ப் பனுவல்களில் குதிரையை ஓட்டவில்லை.

சித்திரகவியை வித்தைகாட்டல் என்றும், கவிதை தளர்ந்த காலத்தின் அடையாளம் என்றும் ஒதுக்கும் போக்கு இலக்கிய வரலாறுகளில் வேரூன்றிவிட்டது. பரிதிமாற்கலைஞர் இதற்கெனத் தனிநூல் எழுதியும் அப்போக்கு மாறவில்லை. சம்பந்தரையும் திருமங்கையாழ்வாரையும் தளர்ச்சிக் காலத்தில் வைக்க எவரும் துணியார் என்ற அளவிலேயே அக்கூற்று வலுவிழந்துவிடுகிறது.

இசையில் மறைந்த எண்

ஒலிக்குள் செய்தியை மறைப்பதற்குக் கருநாடக இசையில் இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. பாட்டின் சொல்லெழுத்தும் அது பாடப்பெறும் சுரத்தின் பெயரும் ஒன்றாக அமைவது சுவராட்சரம். கேட்போர் சொல்லைக் கேட்கும்போதே சுரத்தையும் கேட்கின்றனர். பயின்ற செவிக்கே அது புலனாகும். மற்றொன்று மேளகர்த்தாக்களின் பெயர்களில் அமைந்துள்ள கடபயாதி எண்முறை. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களைத் தலைகீழாக்கினால் 72 மேளங்களுள் அது எத்தனையாவது என்பது தெரிந்துவிடும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1, எனவே 15. மேசகல்யாணியில் 'மே' 5, 'ச' 6, எனவே 65.

இம்முறை தமிழெழுத்தில் சில இடங்களில் முறிந்துபோகின்றது. 22ஆம் மேளமாகிய கரகரப்பிரியாவின் முதலெழுத்து வடமொழியில் இரண்டாம் ககரம். அதற்குரிய எண் 2. தமிழில் எழுதி, முதற்ககரத்திற்குரிய 1 என்று கொண்டால் 21 என்னும் விடை வரும். அது கீரவாணியின் எண். இவ்வாறே 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்தைத் தமிழெழுத்தின்படி கணக்கிட்டால் 26 கிடைத்துச் சாருகேசியில் கொண்டுபோய் விட்டுவிடும். பெயருக்குள் எண் மறைந்துள்ளது. தமிழெழுத்து அந்த மறைவின் திறவுகோலையும் சேர்த்து மறைத்துவிடுகின்றது. கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றியபோது வேறுவழியை மேற்கொண்டார். இராகத்தின் பெயரையே பாட்டின் பொருளோட்டத்தில் சொல்லாகக் கலந்து வைத்தார். எண்ணை மறைப்பதைவிடப் பெயரை மறைப்பது தமிழுக்கு இயல்பாக அமைந்தது.

இத்தகைய இசைமரபு மைசூருக்குச் சென்றதில் தமிழ்நாட்டுக் கலைஞர்க்குப் பங்குண்டு. தஞ்சை நால்வருள் ஒருவரான சின்னையா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையை அணிசெய்தவர். அடுத்த நூற்றாண்டில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அவ்வரசவையிலிருந்தே சாமுண்டியம்மன்மீது கன்னடத்தில் 108 கீர்த்தனைகள் இயற்றினார்.

நாடிழந்த மன்னரின் பலகைகள்

1799இல் திப்பு வீழ்ந்தபின் ஐந்து வயதில் அரியணை ஏற்றப்பட்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப்பொறுப்பைப் பறித்துக்கொண்டனர். பட்டம் மட்டும் அவரிடம் எஞ்சியது. 1868இல் மறையும்வரை 37 ஆண்டுகள் அவர் நாடில்லா மன்னராகவே இருந்தார். ஆட்சியை மீட்க அவர் விடுத்த வேண்டுகோள்கள் பயன்தரவில்லை. 1881இல் அவருடைய வளர்ப்பு மைந்தரிடமே ஆட்சி மீண்டது.

இந்நீண்ட இடைவெளியில் அவர் ஆதரவில் உருவான சிறீதத்துவநிதி ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் கௌதுக நிதி ஆட்டங்களைப் பற்றியது. சீட்டாட்டத்தில் முகலாயர் வழி வந்த கஞ்சீபாவில் 8 குலங்களில் 96 சீட்டுகள். பத்து அவதாரக் கஞ்சீபாவில் 10 குலங்களில் 120 சீட்டுகள். உடையார் இவற்றை விரித்துத் தெய்வப் பெயர்களால் புதிய சீட்டு வகைகளை அமைத்தார். 1861இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களில் அவர் காலத்து ஆட்டப்பலகைகள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. சதுரங்கக் குதிரைச் சுற்றுகளிலும் அவர் பெருவிருப்பம் காட்டினார். குதிரை செல்லும் வரிசையில் கட்டங்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே வருமாறு அமைப்பது மாயச்சதுரச் சுற்று. எட்டுக்கு எட்டுப் பலகையில் அத்தொகை 260. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் 870. மேலைநாட்டில் பெவர்லி என்பார் 1848இல் முன்னதை வெளியிட்டார். உடையாரின் பன்னிரண்டு கட்டப் பலகைச் சுற்றை இத்துறை ஆய்வாளர்கள் தனியே எடுத்துக் குறிப்பிடுகின்றனர்.

எட்டுக்கு எட்டுப் பலகையில் மூலைவிட்டங்களும் 260 ஆகுமாறு குதிரைச் சுற்று அமையுமா என்னும் கேள்வி நெடுங்காலம் விடையின்றி இருந்தது. 2003இல் கணினிகளைக் கொண்டு 61 நாள்களுக்கு மேல் தேடிய பின்னரே அது இயலாது என்பது முடிவாயிற்று. வரிசைகளும் நிரல்களும் மட்டும் ஒத்துவரும் வடிவங்கள் 140 என்பதும் அப்போது தெரியவந்தது.

ஆட்டத்தின் வரலாற்றை எழுதியோர் இவற்றின் எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, பலகைகள் தெய்வப் பெயரோடும் வழிபாட்டோடும் பிணைந்திருந்ததைப் புறவொப்பனையாகக் கருதினர். இலக்கிய வரலாற்றினர் எதிர்த்திசையில் அதே பிழையைச் செய்தனர். செய்யுளை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை இழுக்கென விட்டனர். வைகுந்த ஏகாதசி இரவில் தமிழ் இல்லங்களில் ஆடப்பெறும் பரமபதத்தை அறிந்தோருக்கு இப்பிரிவினை செயற்கையானது என்பது விளங்கும். தேசிகர் தாமே பரமபதசோபானம் என்னும் பெயரில் ஒன்பது படிகளை விரித்துரைக்கும் நூல் செய்தவர். எனினும் பரமபத ஆட்டத்தில் ஏணியும் பாம்பும் வெளிப்படையானவை. ஏற்றுவதும் இறக்குவதும் தாயக்கட்டையின் செயல். குதிரைச் செய்யுளிலோ தாயக்கட்டை இல்லை. ஒவ்வொரு பாய்ச்சலையும் படிப்பவரே தேர்ந்தாக வேண்டும்.

மறைத்தலின் நோக்கம்

இக்கால ஒலிப்பதிவுகளில் நல்லுரையை மறைக்கும் முறைக்கும் இம்மரபுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் புலப்படும். முன்னது கேட்போர் அறியக்கூடாது என்பதற்காக மறைக்கின்றது. அறியாமலே பயன் விளையும் என்பது அதன் கோட்பாடு. ஆந்தனி கிரீன்வால்டும் பிறரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. நினைவாற்றலை வளர்க்கும் ஒலிநாடாவையும் தன்மதிப்பை வளர்க்கும் ஒலிநாடாவையும், சிலருக்கு மேலொட்டிய பெயர்களை மாற்றிக் கொடுத்தனர். மறைந்த செய்திக்கேற்ற பயன் எதுவும் விளையவில்லை. ஆயினும் பலர் நாடாவின் மேலிருந்த பெயருக்கேற்பத் தாம் முன்னேறியதாக நம்பினர். வேலை செய்தது மறைந்த உரையன்று, வெளியே ஒட்டிய சீட்டே.

சித்திரகவி மரபில் மறைத்தல் கண்டுபிடிக்கப்படுவதற்காகவே நிகழ்கின்றது. 'கரந்துறை' என்னும் பெயரே உறைவது ஒன்றுண்டு என்று அறிவித்துவிடுகிறது. அணிநூல் திறவுகோலை வெளிப்படையாக வகுத்துத் தருகின்றது. உரையாசிரியர் கட்டம் வரைந்து காட்டுகின்றனர். தேசிகரின் இரண்டு செய்யுட்களும் நூலில் அடுத்தடுத்தே நிற்கின்றன. விடை கையிலிருந்தும் வழியை நடந்து பார்த்தே ஆகவேண்டும். அவ்வாறு 32 கட்டங்களையும் கடந்தவர் மனத்தில் இரு செய்யுட்களும் தங்கிவிடும். அவற்றைப் பாடமாக அறிந்தவர் பலகையின்றியே குதிரையை ஓட்டவும் வல்லவராவர்.

தமிழில் இவ்வகையை முயல விரும்புவோர்க்குச் சருப்பதோபத்திரம் ஏற்ற களமாக உள்ளது. அதுவும் அடிக்கு 8 எழுத்தாக 4 அடிகளில் 32 எழுத்துகள் கொண்டது. ஒற்றுகளைத் தவிர்த்து இயற்றும் பயிற்சியும் அதில் ஏற்கெனவே உண்டு. குதிரைக்குரிய வழிகளை எல்லாம் கணினி இன்று நொடிப்பொழுதில் எண்ணித் தரும். அவ்வழிகளுள் எதில் தமிழ்ச் சொற்கள் மொழிமுதல், மொழியிறுதி மரபு பிழையாமல் நிற்கும் என்பதைச் சோதிக்க, தண்டியலங்கார உரையிலும் மாறனலங்காரத்திலும் உள்ள சருப்பதோபத்திர எடுத்துக்காட்டுகளிலிருந்து தொடங்கலாம்.